கூரைமேல் ஒரு வெந்நீர் அடுப்பு

மார்கழி மாதத்து விடியற்காலையில் தண்ணீரில் குளிப்பது உடம்புக்கு மிகவும் நல்லது என்று உபதேசம் செய்கிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் வெந்நீரில்தான் குளிக்கிறார்கள் என்பதையும் கண்டறிந்திருக்கிறோம். இதில் தவறு ஒன்றும் இல்லை. உபதேசம் ஊருக்கு, வெந்நீர் உடம்புக்கு!

நம்முடைய பாட்டிமார்கள் காலத்தில் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு என்று ஒன்று தனியாக இருந்தது. அதன்மேல் கரி படிந்த செம்புத் தவலை நிரந்தரமாக வீற்றிருக்கும். தென்னை மட்டை, சுள்ளி, தேங்காய் ஓடு, வறட்டி ஆகிய சகல பொருள்களும் அந்த அடுப்புக்கு ஆகாரம். பிறகு, நடுவிலே குழாய் வைத்துக் கரி போட்டு எரிக்கும் செம்பு ‘பாய்லர்’ வந்தது. அதற்குப் பிறகு வாளியிலே அமிழ்த்தும் மின்சாரச் சுருளும், குளியலறைச் சுவரிலே தொங்கும் ‘கீஸரும்’ வந்து சேர்ந்தன. அடுப்பு ஊதிக் கண் சிவந்த காலம் போய், மின்சாரக் கணக்கைப் பார்த்துக் கண் சிவக்கும் காலம் வந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பாட்டிமார்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால், ஒரு பித்தளை அண்டாவில் தண்ணீரை நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்துவிடுவார்கள். பத்து மணிக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். விறகு இல்லை, புகை இல்லை, ஒரு காசு செலவு இல்லை. சூரியனைக் கொண்டு வெந்நீர் போடும் வித்தையை நமக்கு எந்தத் தேசத்தாரும் வந்து புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து நேயர்கள் அறியலாம். அந்த வெதுவெதுப்பை எப்படி அதிகமாக்குவது, இரவு முழுவதும் எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பவைதான் புதிய விஷயங்கள்.

இவற்றைப் பற்றி விசாரிக்கலாமென்று சென்ற மாதம் ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரயாணமானோம்.

பிள்ளைப்பாக்கத்து வாசலில்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நமது நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது அது இராமாநுஜர் அவதரித்த தலம் என்பதே. அதற்கு அடுத்தபடியாக, 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி உயிரிழந்த துயரச் சம்பவம் நினைவுக்கு வரும். இப்போது மூன்றாவதாக ஒரு பெயர் அந்த ஊருக்கு ஏற்பட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் கம்பெனியார் அஸ்திவாரம் போட்டு, 1998-இல் மோட்டார் வண்டிகளை வெளியே ஓட்டத் தொடங்கினார்கள். அது முதல், பெங்களூர் சாலையிலிருந்து ஒரகடம் வரையில் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிவிட்டன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, கைப்பேசி ஆகியவையெல்லாம் அங்கே உற்பத்தியாகின்றன. விடியற்காலையில் அந்தச் சாலையில் நின்றால், ‘ஷிப்டு’ முடிந்து திரும்பும் பேருந்துகளும் புதிய ‘ஷிப்டு’க்குப் போகும் பேருந்துகளும் ஒன்றையொன்று விலகிச் செல்லும் காட்சியைக் காணலாம்.

இந்த வரிசையில் பிள்ளைப்பாக்கத்தில் அமைந்திருப்பது சூரிய மின்பலகைத் தொழிற்சாலை. அமெரிக்காவைச் சேர்ந்த பஸ்ட் சோலார் என்னும் கம்பெனியார் 2024-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 11-ஆம் தேதி இதைத் திறந்தார்கள். ஒரு முனையில் வெறும் கண்ணாடித் தகடு உள்ளே போகிறது. சில மணி நேரத்தில் மறுமுனையில் மின்சாரம் தரும் பலகையாக வெளியே வருகிறது. காட்மியம், டெல்லூரியம் என்னும் இரண்டு மூலகங்கள் சேர்ந்த மெல்லிய பூச்சைக் கண்ணாடியின்மேல் படியவைக்கிறார்கள். அந்தப் பூச்சின் கனம் நமது தலைமயிரின் பருமனில் நூற்றில் மூன்று பங்குதான் என்றால் அதன் நுட்பத்தை ஊகித்துக்கொள்ளலாம். இந்த ஆலைக்கு வேண்டிய தண்ணீரைக்கூட ஏரியிலிருந்து எடுப்பதில்லை. சென்னை நகரத்தின் கழிவுநீரைப் பலமுறை சுத்திகரித்துக் கொண்டுவருகிறார்கள். தண்ணீர்ப் பஞ்சம் அடிக்கடி தலைகாட்டும் அந்தப் பிரதேசத்தில் இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

வருஷத்துக்கு 33 லட்சம் கிலோவாட் சக்தியுள்ள பலகைகளைச் செய்யும் ஆற்றல் இந்த ஆலைக்கு உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் வீதம் கொடுத்தால் 11 லட்சம் வீடுகளுக்குப் போதும்! ஆனால் அப்படிக் கொடுப்பதில்லை. இங்கே செய்யப்படும் பெரிய பலகைகள், ஏக்கர் கணக்கில் நிலத்தில் பரப்பும் பெரிய மின் நிலையங்களுக்கே பெரும்பாலும் போகின்றன. ஒரு பகுதி கடல் கடந்தும் போகிறது.

நாம் ஆலை வாசலில் சிறிது நேரம் நின்றோம். காவலர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போகும் உத்தேசம் நமக்கு இல்லையென்று தெரிந்ததும், மரியாதையாக நிழலைக் காட்டி அங்கே நிற்கும்படி சொன்னார். சூரியனை வைத்துத் தொழில் நடத்தும் இடத்திலும் மனிதனுக்கு நிழல்தான் வேண்டியிருக்கிறது.

மாடி அவருடையது, மீட்டர் எங்களுடையது

ஆலையிலிருந்து அதிக தூரம் போகவில்லை. ஒரு தெருவில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடித்தனங்கள் கொண்ட ‘லைன்’ வீடு ஒன்று இருந்தது. இந்த வட்டாரத்தில் இத்தகைய வீடுகள் ஏராளம். வெளியூர்களிலிருந்தும் வெளி மாகாணங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இவற்றிலேதான் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் மின்சாரச் சுருள். வாளிக்குப் பக்கத்தில், குழந்தை ஒன்று கிட்டே போய்விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள்.

“இந்த வெயிலில்கூட வெந்நீரா, அம்மா?” என்று கேட்டோம்.

“எங்க வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டு முடிச்சு வருவாரு ஐயா. உடம்பு வலிக்கு வெந்நீர் ஊத்தினாத்தான் தூக்கம் வரும். மாமியாருக்கு மூட்டு வலி. குழந்தைக்குச் சளி. ஆளுக்கு ஒரு வாளி வேணும்” என்றார்.

“பக்கத்திலேயே சூரியப் பலகை செய்கிறார்களே! மாடியில் ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா?”

அந்த அம்மாள் சிரித்தார். “வைக்கலாம் ஐயா. மாடி வீட்டு ஓனருடையது, மீட்டர் எங்களுடையது. யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவரு கணக்குப் பண்ணி வாங்கிக்குவாரு. பலகை வச்சா லாபம் எங்களுக்கு, செலவு அவருக்கு. அவரு எதுக்கு வைப்பாரு?”

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கும் பொருளாதார சாஸ்திரத்தைப் பெரிய புத்தகங்களில்கூட இவ்வளவு சுருக்கமாக நாம் கண்டதில்லை. செலவு செய்கிறவர் ஒருவர், பயன் அடைகிறவர் வேறொருவர் என்றால், எவ்வளவு நல்ல சாதனமானாலும் கடையிலேயே கிடக்கும். இந்தச் சிக்கலைப் பற்றிப் பின்னால் பேசுவோம். முதலில், அந்த அம்மாளும் நாமும் ‘சூரியப் பலகை’ என்று எதைச் சொன்னோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது.

இரண்டு பலகைகள்

கூரைமேல் வைக்கும் பலகைகள் இரண்டு ஜாதி. ஒன்று மின்பலகை, பிள்ளைப்பாக்கத்தில் செய்வது அந்த ஜாதி. வெளிச்சத்தை நேராக மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. மற்றொன்று வெந்நீர்ப் பலகை. அதில் மின்சாரம் என்ற பேச்சே கிடையாது. கறுப்புப் பூச்சுப் பூசிய செம்புத் தகடு, அதோடு ஒட்டிய செம்புக் குழாய்கள், மேலே கண்ணாடி, கீழே வெப்பம் வெளியேறாதபடி பஞ்சு போன்ற உறை. அவ்வளவுதான். கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கிறது; கண்ணாடி அந்த வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது; குழாயிலுள்ள தண்ணீர் சூடாகிறது.

சூடான தண்ணீர் இலேசானது. ஆகையால் மேலே ஏறும். குளிர்ந்த தண்ணீர் கனமானது. ஆகையால் கீழே இறங்கும். பலகைக்கு மேலே தொட்டியை வைத்துவிட்டால், பகல் முழுவதும் தண்ணீர் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். பம்பு வேண்டாம், சுவிட்சு வேண்டாம். தொட்டிக்கு நல்ல கனமான உறை போட்டுவிட்டால், மாலையில் சூடான தண்ணீர் மறுநாள் காலைவரை சூடாகவே இருக்கும். தகட்டுக்குப் பதிலாக இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குழாய்களை வரிசையாக அடுக்கும் முறையும் உண்டு. இரண்டு சுவர்களுக்கும் நடுவே காற்றை எடுத்துவிடுகிறார்கள். காப்பி கொண்டுபோகும் பிளாஸ்க்கில் உள்ள அதே தந்திரம்.

இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. 1767-ஆம் ஆண்டிலேயே, ஜினீவா நகரத்து விஞ்ஞானியாகிய ஸொஸூர் என்பவர் கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றைச் செய்து வெயிலில் வைத்து, நீரின் கொதிநிலையையும் தாண்டிய வெப்பத்தை அதற்குள் உண்டாக்கிக் காட்டினார். 1891-இல் அமெரிக்காவில் கெம்ப் என்பவர் சூரிய வெந்நீர்ப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதில் தண்ணீரும் பலகையும் ஒரே பெட்டியில் இருந்தபடியால், இரவில் தண்ணீர் ஆறிப் போயிற்று. 1909-இல் பெய்லி என்பவர் பலகையையும் தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, தொட்டிக்கு உறை போட்டார். இன்றைக்கு நமது மாடிகளில் நாம் காண்பது அடிப்படையில் அந்தப் பெய்லியின் யந்திரமேதான்.

பள்ளிக்கூடத்துக் கணக்கு

கணக்கு என்றதும் பத்திரிகையை மூடிவிட வேண்டாமென்று நேயர்களை வேண்டிக்கொள்கிறோம். இது ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்றுவதற்குச் சுமார் 3½ யூனிட் சக்தி வேண்டும். நமது பிரதேசத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளைக்கு விழும் வெயிலின் சக்தி, வருஷச் சராசரியில் சுமார் 5 யூனிட். இரண்டு சதுர மீட்டர் வெந்நீர்ப் பலகையின்மேல் விழுவது 10 யூனிட். அதில் ஏறக்குறையப் பாதியைத் தண்ணீரில் சேர்த்துவிடும் திறமை அந்தப் பலகைக்கு உண்டு. ஆகவே ஒரு கட்டில் அகலமுள்ள இடம் இருந்தால், தினந்தோறும் 100 லிட்டர் வெந்நீர் கிடைக்கிறது. அந்த வெந்நீர் 60 டிகிரி சூட்டில் இருப்பதால், பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்க முடியும். அப்படிக் கலந்தால் 100 லிட்டர் 250 லிட்டராகப் பெருகும்; அதாவது பன்னிரண்டு பெரிய வாளி. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இது தாராளம்.

அதே இரண்டு சதுர மீட்டரில் மின்பலகையை வைத்தால் என்ன கிடைக்கும்? வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே அது மின்சாரமாக மாற்றும். ஆகவே 2 யூனிட். வெந்நீர் மட்டுமே வேண்டுமென்றால் வெந்நீர்ப் பலகையே கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் மின்பலகை தரும் யூனிட்டைக் கொண்டு விளக்கு எரிக்கலாம், விசிறி சுழற்றலாம், மாவரைக்கலாம்; மீதியை மின்சார வாரியத்துக்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வெந்நீர்ப் பலகைக்கு ஒரே வித்தைதான் தெரியும். அந்த ஒன்றை அது நன்றாகச் செய்கிறது.

இதே 100 லிட்டரைச் சமையல் வாயுவில் காய்ச்சினால் எப்படி? 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, அடுப்பில் வீணாகும் சூடு போக, ஏறக்குறைய ஒரு மாதத்துக்குத் தாங்கும். அதாவது, சமையலுக்கு ஒரு சிலிண்டர், குளிப்பதற்கு ஒரு சிலிண்டர் என்று கணக்கு வைக்க வேண்டியதுதான். மின்சாரத்தில் காய்ச்சினால் இரண்டு மாதக் கணக்கில் 210 யூனிட் கூடும். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக உயரும் முறை நமது ராஜ்யத்தில் இருப்பதால், கடைசியில் சேரும் இந்த யூனிட்டுகளே மிகவும் விலை உயர்ந்தவையாகின்றன.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வாளியிலே போடும் மின்சாரச் சுருளைத் தொட்டும், அது கிடக்கும் தண்ணீரைத் தொட்டும் உயிர் இழந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தி படிக்கிறோம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். வாயுவில் எரியும் கீஸரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைப்பது இன்னும் அபாயம். நிறமோ மணமோ இல்லாத விஷவாயு அறையை நிரப்பிவிடும். கூரைமேல் இருக்கும் சூரிய அடுப்பினால் இந்த இரண்டு பயமும் இல்லை.

நமது சொந்த அனுபவம்

‘ஊருக்கு உபதேசம் செய்கிறீரே, உமது வீட்டில் என்ன?’ என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் நமது வீட்டு மாடியில் கண்ணாடிக் குழாய் வைத்த சூரிய அடுப்பு ஒன்றை அமைத்தோம். பொருத்த வந்தவர் வெகு சுறுசுறுப்பானவர். அரை நாளில் முடித்துவிட்டுப் போய்விட்டார். வெந்நீர் பிரமாதமாகக் காய்ந்தது. ஆனால் கீழே குளியலறையில் குழாயைத் திறந்தால் நூல் போல ஒழுகியது. காரணம், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் சூரிய அடுப்பின் தொட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. பச்சைத் தண்ணீர் உயரத்திலிருந்து தள்ளினால் அல்லவா வெந்நீர் கீழே வரும்? பழைய தொட்டியைச் செங்கல் மேடை கட்டி உயர்த்தினோம்.

அடுத்த வருஷம் வெந்நீர் குறைந்துகொண்டே வந்தது. கழற்றிப் பார்த்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு படிந்திருந்தது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரின் உபயம் அது. மூன்றாவதாக நடந்ததற்குக் குற்றவாளி நாமேதான். தண்ணீர் வராத ஒரு நாள் குழாய்கள் வெறுமையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நடுப்பகலில் தண்ணீர் வந்ததும் ஆவலோடு வால்வைத் திறந்தோம். ‘படார்’ என்ற சத்தத்தோடு இரண்டு குழாய்கள் வெடித்தன. நமது இல்லத்தரசி அன்று ஒன்றும் சொல்லவில்லை. பழைய செம்புத் தவலையை மட்டும் பரணிலிருந்து இறக்கித் துலக்கி வைத்தார்.

ஆகவே, இந்தக் காரியத்தில் இறங்குகிறவர்களுக்கு நாம் அடிபட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்லுகிறோம். பலகை தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்துச் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் சாய்வு சிறிது அதிகமாக இருப்பதே நல்லது. தென்னை மரத்தின் நிழலோ பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலோ விழக்கூடாது. பச்சைத் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருக்கவேண்டும். தண்ணீர் உப்பாக இருந்தால், செம்புக் குழாய்கள் சீக்கிரம் அடைபடும். கண்ணாடிக் குழாய் வகையைச் சுத்தம் செய்வது சுலபம். காய்ந்த குழாயில் பகலில் தண்ணீர் விடக்கூடாது. சூரியன் இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். குளியலறைக்கு வரும் குழாய் நீளமாக இருந்தால் அதற்கும் உறை போடவேண்டும். இல்லாவிட்டால், வெந்நீர் வருவதற்கு முன்னால் இரண்டு வாளித் தண்ணீர் வீணாகும். கோடை நாளில் அந்தத் தண்ணீர் கையைச் சுட்டுவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீரை வாளியில் விட்டு, பிறகு வெந்நீரைக் கலக்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

உண்மையை மறைக்கக்கூடாது. சென்னை, செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பிரதேசங்களில் வருஷத்தில் பத்து மாதம் குழாயில் வரும் பச்சைத் தண்ணீரே வெந்நீராகத்தான் இருக்கிறது. நமக்கு வெந்நீர் அவசியமாகத் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அப்போதுதான் வடகிழக்குப் பருவ மழை வானத்தை மூடிக்கொள்கிறது! வெயில் உள்ளபோது வெந்நீர் வேண்டாம். வெந்நீர் வேண்டும்போது வெயில் இல்லை. ஆகையால் மழை நாளுக்கென்று தொட்டிக்குள் ஒரு மின்சாரச் சுருளும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம் மட்டும் வெந்நீரில் குளிக்கும் ஆரோக்கியமான சிறு குடும்பத்துக்கு வெந்நீர்ப் பலகை அவசியமில்லை என்பதே நமது அபிப்பிராயம். அந்தப் பணத்தை மின்பலகையில் போடுவது புத்திசாலித்தனம். ஆனால் வயது முதிர்ந்தவர்கள், கைக்குழந்தைகள், பிரசவித்த பெண்கள், மூட்டு வலிக்காரர்கள் உள்ள வீடு, இரவு வேலை செய்து அலுத்து வருகிறவர்கள் உள்ள வீடு, ஆஸ்பத்திரி, விடுதி, பாத்திரம் கழுவ நாள் முழுவதும் சுடுதண்ணீர் வேண்டியிருக்கும் சாப்பாட்டுக் கூடம் ஆகியவற்றின் விஷயம் வேறு. அங்கே வெந்நீர்ப் பலகை போட்ட முதலைச் சீக்கிரம் திருப்பிக் கொடுக்கும். மின்பலகையும் வைத்து, காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கும் ‘ஹீட் பம்ப்’ யந்திரத்தையும் வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். யந்திரத்தின் விலைதான் அதிகம்.

அறையைச் சூடாக்கும் பிரச்னை நமக்கு இல்லை. அறையைக் குளிரவைப்பதுதான் நமது பிரச்னை. ஆனால் லடாக் போன்ற உறைபனிப் பிரதேசத்தில், தெற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரும் கனத்த மண் சுவரும் கொண்ட வீடுகளைக் கட்டி, பகல் வெயிலை இரவுக்குச் சேமித்துவைக்கிறார்கள். லே நகரத்துக்கு அருகிலுள்ள செக்மால் பள்ளிக்கூடம் இதற்குப் பேர்பெற்ற உதாரணம். நமது பக்கத்திலும், ஆரோவில்லின் பொதுச் சமையற்கூடத்தின்மேல் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் ஒன்றைக் கட்டி, வெயிலால் நீராவி உண்டாக்கிச் சமைத்துக் காட்டினார்கள்.

பதினெட்டாயிரம் வாளிகள்

ஸ்ரீபெரும்புதூருக்கே திரும்பி வருவோம். அங்கே வல்லம்–வடகாலில் 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட மாபெரும் விடுதி திறக்கப்பட்டது. சிப்காட் ஸ்தாபனத்தார் சுமார் 706 கோடி ரூபாய் செலவில் கட்டியது. கிராமத்திலிருந்து வந்த பெண்கள் இடுக்கான அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கஷ்டப்பட்டதை அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டை வரவேற்காமல் இருக்க மாட்டார்கள்.

இந்த அளவுள்ள விடுதியில், ஆளுக்கு ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் இளஞ்சூட்டு நீர் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரி சூடேற்றினால் போதும். ஒரு வாளிக்கு மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். 18,720 வாளிக்கு? நாளொன்றுக்குச் சுமார் 6,500 யூனிட்! இதையே வெந்நீர்ப் பலகையால் செய்ய ஏறக்குறைய 2,900 சதுர மீட்டர் கூரை வேண்டும். முக்கால் ஏக்கருக்கும் குறைவு. பல மாடிகள் கொண்ட இத்தனை பெரிய கட்டடத் தொகுதிகளின் கூரையில் இது ஒரு பெரிய இடமல்ல. அந்த வட்டாரத்து ஆலைகளிலும் இதற்கு வேலை உண்டு. வண்டிகளுக்கு வர்ணம் பூசுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் தொட்டிகளுக்கு 50, 60 டிகிரி வெந்நீர்தானே வேண்டும்? கூரையோ கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது.

சர்க்காரும் சட்டமும்

2010-இல் இந்திய சர்க்கார் ஜவாஹர்லால் நேரு பெயரால் சூரிய சக்தித் திட்டத்தைத் தொடங்கியபோது, 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் வெந்நீர்ப் பலகைகள் அமையவேண்டுமென்று இலக்கு வைத்தார்கள். வாங்குகிறவர்களுக்கு மானியமும் கொடுத்தார்கள். 2014-இல் அந்த மானியம் நின்றுவிட்டது. மின்பலகைக்கு நேர்மாறாக யோகம் பிறந்தது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில், 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ளதற்கு 78,000 ரூபாயும் மானியம் விதிக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. வெந்நீர்ப் பலகைக்குக் கிடைத்த ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் அதன்மேல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததுதான்.

நல்லது. ஆனால் இந்த மானியம் எல்லாம் சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு. கூரையே இல்லாத லைன் வீட்டு அம்மாளுக்கு என்ன வழி? பிற இடங்களில் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். எண்ணெய் விலை ஏறித் திண்டாடிய இஸ்ரேல் நாட்டில், புதிதாகக் கட்டும் வீடுகளில் சூரிய வெந்நீர் அடுப்பு வைத்தே தீரவேண்டும் என்று 1980-இல் சட்டம் செய்தார்கள். இன்று அந்நாட்டில் அது இல்லாத வீட்டைக் காண்பதுதான் அபூர்வம். அவ்வளவு தூரம் போவானேன்? இதே சாலையின் மறுமுனையிலிருக்கும் பெங்களூரில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்கு வெந்நீர்ப் பலகையைக் கட்டாயமாக்கி, மின்சாரக் கணக்கில் சிறு தள்ளுபடியும் கொடுத்தார்கள். இந்தியாவிலேயே வெந்நீர்ப் பலகை மிகுந்த நகரம் என்ற பெயர் அந்த ஊருக்கு ஏற்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்தில் வாடகைக்கென்றே கட்டும் லைன் வீடுகளும் விடுதிகளும் நாள்தோறும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கட்டி முடித்த பிறகு குழாய் போடுவது கஷ்டம். கட்டும்போதே போடுவது சுலபம். பத்துக் குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு பெரிய தொட்டி வைத்து, ஒவ்வொரு குடித்தனமும் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கும்படி செய்தால், வீட்டுக்காரருக்கும் நஷ்டமில்லை. குடியிருப்பவருக்கும் மின்சாரச் செலவு மிச்சம். கட்டட அனுமதி கொடுக்கிறவர்கள் இதை ஒரு நிபந்தனையாக வைப்பது பற்றி யோசிக்கவேண்டும். சொந்த வீடு கட்டி வாடகைக்கு விடும் நேயர்கள், அனுமதிக்கும் சட்டத்துக்கும் காத்திராமல் தாமே செய்யலாம்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மின்பலகை செய்யக் கோடிக்கணக்கில் முதலும் அயல்நாட்டு நுட்பமும் வேண்டும். வெந்நீர்ப் பலகைக்கோ தகடு வெட்டவும், செம்புக் குழாயைப் பற்றவைக்கவும், கண்ணாடி பொருத்தவும் தெரிந்த நமது ஊர்ப் பட்டறைத் தொழிலாளிகளே போதும். அவர்களுக்கு வேலை கிடைப்பதோடு, பழுதானால் பழுது பார்ப்பதற்கும் ஆள் கிடைக்கும். கூரைமேல் பழுதாகிக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பலகைகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு இல்லாமற்போனது வெயில் அல்ல, ரிப்பேர்க்காரர்தான்.

நாம் விடைபெற்றுக் கொள்ளும்போது அந்த அம்மாள் சுருளின் பிளக்கைப் பிடுங்கி, வாளியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். வெளியே நடுப்பகல் வெயில் சிமெண்டுத் தளத்தைச் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. நாம் செருப்பைக் கழற்றி வைத்திருந்தபடியால், திரும்பி வந்து அதில் காலை நுழைப்பதற்குள் ஒரு சிறிய நாட்டியமே ஆட வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அந்தத் தளத்தின்மேல் விழுந்த வெயிலில் அந்த வரிசையிலிருந்த அத்தனை வீட்டுக்கும் வேண்டிய வெந்நீர் இருந்தது. அதை வாளிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதற்கு வேண்டிய விஞ்ஞானம் நூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துபோயிற்று. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையிலுள்ள அந்தச் சின்னக் கணக்குத்தான் இன்னும் பாக்கி நிற்கிறது.